நல்லம்பள்ளிக் கிணறுகளில் மாறிவந்த நீரிறைப்பு

தருமபுரி மாவட்டத்து நல்லம்பள்ளி வட்டாரம் கடினப் பாறை நிலம். இங்கே இறைப்புக் கருவியை மாற்றவைத்தது பெரும்பாலும் நீர்மட்டத்தின் இறக்கமே.

முதலில் இருந்தது மாடு கட்டி நீர் இறைக்கும் கவலை. நீர் அள்ளும் சாலின் அடியில் தும்பி என்னும் தோல் குழாய். சாலை இழுக்க வடம், தும்பியைப் பிடிக்க வால்கயிறு. சரிவில் மாடுகள் இறங்கும்போது சால் மேலேறும். வால்கயிற்றைத் தளர்த்தியதும் தும்பி வழியே நீர் கொட்டும். மாட்டை வைக்கோல் போட்டுக் காப்பாற்ற முடிந்தவரால்தான் நீர் இறைக்க முடிந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

பின்னர் ஆயில் எஞ்சினும் மின்மோட்டாரும் வந்தன. கோயம்புத்தூர்ப் பட்டறைகள் பம்பு செட்டை உழவருக்கு எட்டும் பொருளாக்கின. ஆனால் நீரை உறிஞ்சும் பம்பு நடைமுறையில் 7, 8 மீட்டர் ஆழத்துக்கு மேல் இழுக்காது. நீரை மேலே தள்ளுவது காற்றழுத்தம்தான். நீர் இறங்க இறங்க, மோட்டாரும் கிணற்றுக்குள் படிப்படியாக இறக்கப்பட்டது. நீர் மேலும் இறங்கியபோது வந்த ஆழ்துளைக் கிணற்றில் அதுவும் பயன்படவில்லை. கம்ப்ரசரும் நீர்மூழ்கி மோட்டாரும் அந்த இடத்தைப் பிடித்தன. குடிநீருக்கு 1970-களில் உருவான இந்தியா மார்க் 2 கைப்பம்பு ஊர்தோறும் நின்றது.

ஆழத்து நீருக்குக் கொடுத்த விலை கொடியது. தருமபுரி மாவட்டத்துப் பாறைகளிலிருந்து கரைந்த ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுத்தது. எந்தப் பம்பாலும் தீராத சிக்கல் இது. இதற்கு விடையாக, ஜப்பானியக் கடனுதவியுடன் அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டு, காவிரி நீரை மாவட்டத்துக்குக் கொண்டுவந்தது.