டிரில் மாஸ்டரை ஆசிரியராக்கியவர்

சென்னைப் புத்தகக் காட்சிக்குச் சென்றுவரும் வாசகர்களுக்கு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அண்மை ஆண்டுகளில் தை பிறக்கும் பருவத்தில் பதிப்பாளர்களின் அரங்குகள் அங்கேதான் எழுகின்றன. காஞ்சிபுரத்திலிருந்து பேருந்தேறிப் போய், இரு கை நிறையப் புத்தகங்களோடு திரும்புகிறவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் அந்த மைதானம் யாருடையது, ஏன் உருவானது என்று கேட்டவர்கள் நம்மில் சிலரே. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி எனப் போற்றப்படும் நிறுவனத்தின் மைதானம் அது. அக்கல்லூரியை 1920-இல் தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர்.

பக் 1884-இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர்; மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் கற்றவர். அக்கல்லூரிக்கு விளையாட்டு வரலாற்றில் தனியிடம் உண்டு. குளிர்காலத்தில் வெளியே ஆட இயலாத மாணவர்களுக்காக, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை உயரே மாட்டி, பதின்மூன்று விதிகளை எழுதிக் கூடைப்பந்தை உருவாக்கியது அங்கேதான்; ஆண்டு 1891. அங்கே பயின்ற வில்லியம் மோர்கன் 1895-இல் கைப்பந்தைத் தோற்றுவித்தார். ஆட்டமும் ஒரு பாடமே, அதைக் கற்பிக்க முறையாகக் கற்ற ஆசிரியர் வேண்டும் என்ற எண்ணம் அவ்விடத்தில் வேரூன்றியிருந்தது. 1919-இல் இந்தியாவுக்கு வந்த பக் கொண்டுவந்த மூலதனம் அந்த எண்ணமே.

இங்கோ நிலைமை வேறாக இருந்தது. பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் டிரில். அதை நடத்தப் பெரும்பாலும் படையிலிருந்து ஓய்வுபெற்றவர்களை அமர்த்தினார்கள். பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். கட்டளை கேட்டுத் திரும்புவார்கள். கையை உயர்த்துவார்கள், தாழ்த்துவார்கள். டிரில் மாஸ்டருக்குச் சம்பளமும் குறைவு, மதிப்பும் குறைவு. அந்த இடத்தில் உடற்கூறும் ஆட்டவிதிகளும் கற்பிக்கும் முறையும் அறிந்த ஓர் ஆசிரியரை நிறுத்துவதே பக் மேற்கொண்ட பணி. விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களோடு தொடங்கிய கல்லூரி, 1930களில் சைதாப்பேட்டையை ஒட்டி, அடையாற்றின் அருகே நிலைகொண்டது. ஆட்டங்களின் விதிகளைத் தொகுத்து அவர் நூலாகவும் வெளியிட்டார்.

பயிற்சியாளர் என்ற முறையிலும் அவர் பெயர் பதிவாகியிருக்கிறது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்தியத் தடகள அணிக்கு அவரே மேலாளராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். அவ்வாண்டுத் தொடக்கத்தில் டெல்லியில் நடந்த போட்டிகளின் வழியே அணி தேர்ந்தெடுக்கப்பட்டது. தேசிய விளையாட்டுப் போட்டிகளின் தொடக்கமும் அதுவே. தடை ஓட்டக்காரரான கண்ணூர் சி.கே. லட்சுமணன் அவ்வணியில் இருந்தார். பதக்கம் எதுவும் கிட்டவில்லை. அதன்பின் பக், ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த டாக்டர் நோரனோடு மாகாணங்கள்தோறும் சென்று ஒலிம்பிக் சங்கங்கள் அமைய உதவினார். 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் பிறந்தது. பக் 1943-இல் காலமானார்.

பயிற்சியாளர்களின் வரலாற்றை நாம் பதக்கங்களைக் கொண்டே எழுதுகிறோம். அந்தக் கணக்கில் பக்கின் ஏடு ஏறத்தாழ வெற்றேடுதான். அந்நியர் ஆண்ட காலத்தில் அந்நிய ஆட்டங்களைக் கொண்டுவந்தவர் என்று அவரை ஒதுக்கிவிடவும் கூடும். நமக்கு ஆட்டம் புதிதன்று. காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்ற பட்டத்தையே விரும்பிச் சூடினான். போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைச் சாத்தந்தையார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் இருக்கின்றன. ஆனால் இவையெல்லாம் வென்ற மல்லனின் புகழ். ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரியின் கண் மல்லன்மீது தங்குவதில்லை. நாற்பது பிள்ளைகள் நிற்கும் வகுப்பையும், அதில் கடைசியாக ஓடிவருகிற பிள்ளையையும் அது பார்த்தாக வேண்டும். பக்கின் வாழ்க்கைப் பணியை இங்கேதான் மதிப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மத்திய அரசு குவாலியரில் உடற்கல்விக் கல்லூரி தொடங்கியது 1957-இல். சென்னைக் கல்லூரிக்கு அப்போது வயது முப்பத்தேழு.

எங்கள் ஊர்ப் பட்டுத்தறியை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். கோர்வைப் புடவை நெய்ய நெசவாளியின் இரு கைகள் போதா. ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா வீசத் துணையாள் வேண்டும். முற்காலத்தில் அந்தத் துணை பெரும்பாலும் ஒரு சிறுவன். தறியோரம் குனிந்தே பழகிய அவ்வுடல் நிமிர்ந்து ஓடக் கற்க, பள்ளி மைதானத்தை விட்டால் வேறு இடம் ஏது? அங்கே அவனை எதிர்கொள்பவர் கட்டளையிடுகிறவரா, கற்பிக்கிறவரா என்பது சிறிய வேறுபாடாகாது.

இன்றும் தேர்வு நெருங்கினால், பாடம் முடியவில்லை என்று சொல்லி முதலில் கேட்டு வாங்கப்படுவது பி.டி. பீரியட்தான். இலக்கியம் கற்பிக்கும் நாமும் அப்படிக் கேட்டு வாங்குகிறவர்கள்தாம். தமிழ் வகுப்பை யாரும் கடன் கேட்டால் சினந்தெழும் நாம், அந்த ஒரு மணி நேரம் யாருடைய பாடம் என்று எண்ணுவதில்லை. அதையும் பாடம் என்று நிறுவ ஒருவர் தம் வாழ்நாளில் இருபதாண்டுகளுக்கு மேல் செலவிட்டார். பிள்ளைகளோ அதை என்றுமே ஐயுற்றதில்லை.