கொட்டகைக் கணக்கும் திரைத்துறை வளர்ச்சியும்: திருநெல்வேலி – கன்னியாகுமரி விநியோகப் பகுதியை முன்வைத்து

தமிழ்த் திரைத்துறையின் வரலாறு பெரும்பாலும் படங்களின் பட்டியலைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. அப்பட்டியலைப் பிலிம் நியூஸ் ஆனந்தன் ஏறத்தாழத் தனியொருவராக நின்று தொகுத்தார். 1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' தொடங்கி ஆண்டுவாரியாகப் படங்களை எண்ண இயல்வது அவர் உழைப்பின் பயன். ஆயினும் படங்களின் எண்ணிக்கை கோடம்பாக்கத்தின் வளர்ச்சியைக் காட்டுமே தவிர, கொட்டகையில் அமர்ந்த கூட்டத்தைக் காட்டாது.

சீனாவில் இவ்விடர் குறைவு. அங்கு விற்பனையாகும் சீட்டுகளின் கணக்கு மின்னணு வழியே மையப் பதிவேட்டைச் சேர்கிறது. ஆதலால் 2010இல் ஏறத்தாழ 1,000 கோடி யுவானாக இருந்த ஆண்டு வசூல் 2019இல் 6,400 கோடி யுவானைக் கடந்தது எனக் கூற முடிகிறது. அக்கணக்கும் முற்றிலும் தூயதன்று. 2016இல் 'இப் மேன் 3' படத்துக்கு 7,600க்கும் மேற்பட்ட பொய்க் காட்சிகள் காட்டப்பட்டமையை அந்நாட்டு அதிகாரிகளே கண்டறிந்தனர். எனினும் பொய்யைக் கண்டறியவும் ஒரு பதிவேடு வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆய்வாளர் முதலில் நாடுவது கேளிக்கை வரிக் கணக்கையே. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரி சீட்டின் மீது விதிக்கப்பட்டதால், வரித்தொகையிலிருந்து பார்வையாளர் எண்ணிக்கையை உய்த்துணரலாம் என்று தோன்றும். ஆனால் சிற்றூர்க் கொட்டகைகள் பல, விற்ற சீட்டுக்கேற்ப அன்றி, இணக்க முறையில் ஒரு நிலையான தொகையையே செலுத்தின. அரங்கு நிறைந்த வாரமும் ஈயாடிய வாரமும் அப்பேரேட்டில் ஒன்றே. 2006இல் தமிழ்ப் பெயர் கொண்ட படங்களுக்கு வரிவிலக்கு அளிக்கப்பட்டபின் இச்சான்று மேலும் வலுவிழக்கிறது. வரி குறைந்ததைக் கொண்டு கூட்டம் குறைந்தது என முடிவு செய்தல் பிழையாகும்.

எல்லைச் சிக்கல் இதனினும் பெரிது. திரை வணிகர் 'டி.கே. ஏரியா' என வழங்கும் திருநெல்வேலி – கன்னியாகுமரி விநியோகப் பகுதி இன்றும் ஒன்றே. அரசின் எல்லைகளோ பலமுறை மாறின. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதே நாளில் செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாயின. எனவே 1980இன் 'திருநெல்வேலி மாவட்டத் திரையரங்குகள்' என்ற எண்ணையும் 2020இன் எண்ணையும் அருகருகே வைத்தால் கோவில்பட்டியும் சங்கரன்கோவிலும் மாயமாய் மறைந்துவிடும். மாவட்டம் சுருங்கியதைத் திரைத்தொழிலின் தேய்வாக வாசிக்கும் இடர் இங்கேதான் நேர்கிறது.

ஆகவே மாவட்டத்தை விடுத்துத் தனித்தனிக் கொட்டகையை அலகாகக் கொள்வதே தக்கது. 1955ஆம் ஆண்டுத் திரையரங்கு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட உரிமக் கோப்புகள் இதற்குத் துணைபுரியும். டவுணின் ரத்னா, பார்வதி போன்ற நிலையான அரங்குகளை அவற்றில் தொடர்ந்து பின்பற்றலாம். டூரிங் டாக்கீசுக்குத் தற்காலிக உரிமமே உண்டு என்பதால், ஒரே கொட்டகை இருமுறை எண்ணப்படாதவாறு காலத்தையும் இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

உரிமக் கோப்பு இருக்கைகளைத் தரும், அமர்ந்தவர்களைத் தராது. அதைத் தரவல்லது காட்சிவாரியாகச் சீட்டு விற்பனையைக் குறிக்கும் அன்றாட வசூல் அறிக்கை, வணிகர் வழக்கில் 'டி.சி.ஆர்.'. பங்குத்தொகை தீர்ந்தபின் வணிகருக்கு அத்தாளால் பயனில்லை. அரங்கு திருமண மண்டபமாகவோ வணிக வளாகமாகவோ மாறும்போது முதலில் எடைக்குப் போவதும் அதுவே.