சட்டையைக் கழற்றும் நச்சுயிரி



நச்சுயிரி என்பது புரத உறைக்குள் பொதிந்த மரபுப்பொருள். அஃது உயிரணுவைத் தாக்கும்போது அவ்வுறை என்னவாகிறது? இவ்வினாவுக்கு விடை காண உதவியது, நம் சமையலறையில் உள்ள பிளெண்டர்தான்!

1952-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஆல்பிரட் ஹெர்ஷியும் அவர்தம் உதவியாளர் மார்த்தா சேஸும், பாக்டீரியாவைத் தாக்கும் டி2 நச்சுயிரியை ஆராய்ந்தனர். உறைப்புரதத்தில் கந்தகம் உண்டு, டி.என்.ஏ.வில் இல்லை. டி.என்.ஏ.வில் பாஸ்பரஸ் மிகுதி. உறையில் இல்லை எனலாம். எனவே, கதிரியக்கக் கந்தகத்தால் உறையையும் கதிரியக்கப் பாஸ்பரஸால் டி.என்.ஏ.வையும் தனித்தனியே அடையாளமிட்டனர். நச்சுயிரிகள் பாக்டீரியாவில் ஒட்டியபின் கலவையைப் பிளெண்டரில் சுழற்றினர். கந்தகத்தின் பெரும்பகுதி உதிர்ந்து வெளியேறியது; பாஸ்பரஸின் பெரும்பகுதி பாக்டீரியாவிலேயே தங்கியது. அதாவது, உறை வாயிலில் நின்றது; டி.என்.ஏ. உள்ளே சென்றது. மரபுப்பொருள் டி.என்.ஏ.வே என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று.

ஆயினும், எல்லா நச்சுயிரிகளும் இவ்வாறு உறையை வெளியே விடுவதில்லை என்பதை வகுப்பில் தெளிவுறுத்த வேண்டும். இன்ஃபுளுவென்சா நச்சுயிரி முழுமையாக உள்ளே இழுக்கப்படுகிறது. நுண்பையின் அமிலத்தன்மையே அதன் உறையைத் திறக்கிறது. 1966-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அமந்தடின் மருந்து, இந்நிகழ்வைத்தான் தடுத்தது. நச்சுயிரி எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டதால், இன்று சளிக்காய்ச்சலுக்கு அது பரிந்துரைக்கப்படுவதில்லை.

1969-இல் ஹெர்ஷி, மேலும் இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சேஸுக்கு அப்பரிசில் இடமில்லை. நம் மாணவர்களுக்கேனும் இரு பெயர்களையும் சேர்த்தே கற்பிப்போம்.