முதல் அனுப்புநர் யார்? மறையாக்கமும் சாட்சிகளின் பாதுகாப்பும்

முனைக்கு முனை மறையாக்கத்தில் செய்தியைத் திறக்கும் சாவி அனுப்புநர், பெறுநர் கருவிகளில் மட்டுமே உள்ளது. செயலி நிறுவனத்தாலும் படிக்க இயலாது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின் 4(2)ஆம் விதியோ, பெரிய செய்திச் செயலிகள் ஒரு செய்தியின் முதல் அனுப்புநரை அடையாளங்காட்ட வேண்டுமென்கிறது. இதனை எதிர்த்து வாட்ஸ்அப் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

சிறார் மீதான பாலியல் குற்றங்களைத் துப்புத்துலக்க இது தேவை என்னும் வாதத்தை நாம் புறக்கணிக்கவில்லை. ஆனால், விதியில் 'பொது ஒழுங்கு' என்னும் காரணமும் உண்டு. நீதிமன்றமன்றி அரசின் உள்துறைச் செயலரும் ஆணையிடலாம். வன்கொடுமைக் காணொளியை முதலில் அனுப்பியவர் அதன் சாட்சியாகவே இருக்கக்கூடும்.

சாட்சிகளைக் காப்பது அரசின் கடமை என்கிறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது 2017 புட்டசாமி தீர்ப்பு. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்தே இவ்விதியை நாம் மதிப்பிட வேண்டும்.