பேன் பரப்பிய காய்ச்சலும் ஜேர்மன் முகாம்களும்

உண்ணி, தெள்ளுப்பூச்சி, பேன் ஆகியவற்றின் மூலம் மனிதரைத் தொற்றும் பக்டீரியாக்களுள் ரிக்கெட்சியா இனம் முக்கியமானது. அதன் வரலாறு ஜேர்மனியின் முகாம்களுடன் நெருங்கிய தொடர்பு கொண்டது.

முதலாம் உலகப் போரின்போது, கொட்புஸ் நகரில் ரஷ்யப் போர்க்கைதிகள் அடைக்கப்பட்டிருந்த முகாமில் டைபஸ் காய்ச்சல் பரவியது. அதனை ஆராய ஹம்பேர்க்கிலிருந்து சென்ற ஸ்டனிஸ்லாஸ் வொன் புரோவாசெக், பிரேசில் நாட்டவரான ஹென்ரிக் ட ரோச்சா லிமா ஆகிய இருவரையும் அந்நோய் பற்றியது. புரோவாசெக் 1915 பெப்ரவரி 17ஆம் திகதி உயிரிழந்தார். உயிர்தப்பிய ரோச்சா லிமா, 1916இல் நோய்க்கிருமிக்கு ‘ரிக்கெட்சியா புரோவாசெக்கி’ எனப் பெயரிட்டார். 1910இல் மெக்சிக்கோவில் இதே நோயை ஆராய்ந்தபோது இறந்த அமெரிக்கர் ஹோவார்ட் ரிக்கெட்ஸின் பெயரும் அதில் இணைந்துள்ளது.

உயிரணுக்களுக்குள் புகுந்தே பெருகும் இக்கிருமியை, உடைகளில் வாழும் சீலைப்பேன் பரப்புகிறது. பேனின் கழிவில் வெளியேறும் கிருமி, சொறியும்போது ஏற்படும் கீறல் வழியே உடலுக்குள் செல்கிறது. எனவே மாற்றுடையும் குளிக்க நீருமின்றி மக்கள் நெருக்கி அடைக்கப்படும் இடங்களிலேயே இந்நோய் கொள்ளைநோயாகிறது.

பேனே இந்நோயைப் பரப்புகிறது என்பதை சார்ல்ஸ் நிக்கோல் 1909இலேயே நிறுவியிருந்தார். ஆயினும் நாஜி ஆட்சியாளர்கள் யூதர்கள் மீதே பழி சுமத்தினர். நோய்த்தடுப்பைக் காரணம் காட்டி, 1940இல் வார்சோவில் அவர்களைச் சுவருக்குள் அடைத்தனர். 4 லட்சத்திற்கும் அதிகமானோர் நெருக்கப்பட்ட அந்த அடைப்பே நோயைப் பெருக்கியது. 1945 ஏப்ரல் 15ஆம் திகதி பேர்கன்-பெல்சன் முகாமை பிரித்தானியப் படையினர் விடுவித்தபோது அங்கு சுமார் 60,000 பேர் இருந்தனர். விடுதலைக்குப் பின்னரும் டைபஸ், பட்டினி முதலியவற்றால் ஏறத்தாழ 13,000 பேர் மாண்டனர்.

இன்று டொக்சிசைக்ளின் என்ற மலிவான மருந்து இந்நோயைக் குணப்படுத்துகிறது. ரிக்கெட்சியாவுக்கு நெருங்கிய கிருமியொன்றால் உண்டாகும் ஸ்கிரப் டைபஸ், தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் காணப்படுகிறது. அதனைப் பரப்புவது புதர்களில் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணி. தாயகம் சென்று திரும்பியபின் காய்ச்சல் கண்டால், பயண விபரத்தை மருத்துவரிடம் தவறாது கூறவேண்டும். ஜேர்மன் மொழியில் ‘டீஃபுஸ்’ என்பது டைபாய்டு காய்ச்சலையே குறிக்கும். டைபஸுக்கு அங்கு ‘ஃப்ளெக்ஃபீபர்’, அதாவது புள்ளிக் காய்ச்சல், என்று பெயர்.

மருந்து இருப்பினும், முகாம்கள் உலகிலிருந்து மறைந்துவிடவில்லை. அடைக்கப்பட்டவர்களை நோயின் மூலமாகச் சித்திரிப்பதும் ஓயவில்லை. நோயை வளர்த்தது மக்களின் இனமன்று, அவர்கள் வைக்கப்பட்ட நிலையே என்பதை ஜேர்மன் அனுபவம் உணர்த்துகிறது.