மூச்சைப் பார்

1847 நவம்பரில் எடின்பரோவில் சிம்ப்சன் குளோரோஃபார்மை அறிமுகப்படுத்தினார். மூன்றே மாதத்துக்குள், கால்விரல் நகம் எடுக்கப்போன ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் அதே மருந்தில் இறந்துபோனாள். முதலில் நிற்பது மூச்சா, இதயமா? அரை நூற்றாண்டுக்கும் மேல் டாக்டர்கள் இதற்குச் சண்டை போட்டார்கள்.

சண்டை ஹைதராபாத்துக்கும் வந்தது. அங்கே மருத்துவப் பள்ளியை நடத்திய எட்வர்ட் லாரி 'மூச்சுதான்' என்கிற கட்சி. நிஜாம் ஆதரவில் 1888இல் ஓர் ஆணையம், 1889இல் இன்னொன்று. இரண்டாவதற்கு லண்டனிலிருந்து லாடர் பிரண்டனே வந்தார். 400க்கும் மேற்பட்ட விலங்குகளில் சோதனை. தீர்ப்பு லாரி பக்கம்.

அந்தத் தீர்ப்பு முழுசாக நிற்கவில்லை. மயக்கம் லேசாக இருக்கும்போதே இதயம் தடுமாறி நின்றுவிடலாம் என்று 1911இல் லெவி பூனைகளில் காட்டினார். நாடியைப் பார்க்காதே என்று லாரி சொன்னது ஆபத்தான பாடம்தான்.

ஆனால் அவர் செய்த இன்னொரு காரியம் நின்றது. நோயாளியின் மூச்சிலிருந்து கண்ணை எடுக்காமல் இருக்க மாணவர்களைப் பழக்கினார். பெண்களையும் சேர்த்துக்கொண்டார். அவர்களில் ஒருவரான ரூபா பாய் ஃபர்தூன்ஜியைத்தான் உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் என்று இன்று சொல்கிறார்கள்.

பாதுகாப்பான அறுவை சிகிச்சையும் மயக்க மருந்தும் 500 கோடிப் பேருக்கு எட்டவில்லை என்றது 2015இல் லான்செட் ஆணையம். ஏழை நாடுகளுக்கு மிஷினை நன்கொடையாக அனுப்பிவிடலாம். தலைமாட்டில் உட்கார்ந்து மூச்சைப் பார்க்கிற ஆளை அப்படி அனுப்ப முடியாது. அங்கேயே, வருஷக்கணக்கில் பழக்கித்தான் உருவாக்க வேண்டும்.