பால் ஊற்றும் பெண்ணின் நீலம்

டெல்ஃப்ட் நகரத்து யோஹன்னஸ் வெர்மீர் 1658 வாக்கில் ஓர் அடுக்களைப் பணிப்பெண்ணை வரைந்தார். உழைத்துத் திரண்ட கைகள், மடித்துவிட்ட சட்டை, மேசைமேல் ரொட்டி. மண்ஜாடியிலிருந்து பால் மெல்லிய இழையாக இறங்குகிறது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்தப் படத்தின் உயரம் ஒன்றரை அடிதான். பார்ப்பவர் கண்ணை முதலில் இழுப்பது அவள் இடுப்பில் கட்டியிருக்கும் ஏப்ரனின் நீலம்.

அந்த நீலத்துக்கான லாபிஸ் லசூலி கல், ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைச் சுரங்கங்களிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது. கல்லைப் பொடித்து, மெழுகும் பிசினும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, காரநீரில் அலசுவார்கள். அழுக்கெல்லாம் பிசினோடு நின்றுவிட, நீலம் மட்டும் நீரில் பிரிந்து அடியில் படியும். முதல் அலசலில் கிடைப்பதே உயர்ந்த ரகம். அதன் விலையைப் பொன்னோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். இத்தாலியத் தேவாலய ஓவியங்களில் அதை மரியன்னையின் மேலாடைக்கென்று ஒதுக்குவது வழக்கமாக இருந்தது. டெல்ஃப்டில் அதே நிறம் ஒரு வேலைக்காரியின் இடுப்புக்கு வந்தது. வெர்மீரின் துணிச்சலில் இதையே பெரிதாகச் சொல்ல வேண்டும்.

ஒளியையும் அவர் இப்படித்தான் தாராளமாகச் செலவிட்டார். இடப்பக்கச் சன்னலில் நுழையும் வெளிச்சம் ரொட்டியின் மேலோட்டில் சின்னச் சின்னப் புள்ளிகளாக, தடித்த வண்ணத்தில் தெறிக்கிறது. பின்சுவரை வெறும் வெள்ளை என்று நினைத்துவிடக் கூடாது. சன்னலோர மூலையில் அது மங்கிக் கிடக்கிறது. அவள் முதுகுக்குப் பின்னால் பளிச்சென்று ஆகிறது. அதனால் அவளது ஒளிபட்ட பக்கம் மங்கலின் முன்னும், நிழல்பட்ட பக்கம் வெளிச்சத்தின் முன்னும் நிற்கின்றன. போதாதென்று அவளது வலப்புற விளிம்போடு ஒரு வெள்ளைக் கோட்டையும் இழுத்துவிட்டிருக்கிறார். சுவரில் ஓர் ஆணி இருக்கிறது, பழைய ஆணித் துளைகளும் இருக்கின்றன. அவற்றைக்கூட விடவில்லை. ஆனால் அவள் தலைக்குப் பின்னால் ஜாடிகள் தொங்கும் பலகை ஒன்றை முதலில் தீட்டத் தொடங்கி, பிறகு மறைத்துவிட்டார் என்று 2022இல் அருங்காட்சியக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பலகை இருந்திருந்தால் இந்தச் சுவர் வெளிச்சத்துக்கு இடம் ஏது?

1675இல் வெர்மீர் கடனோடு இறந்தார். ரொட்டிக்கடைக்காரருக்கு மட்டும் 617 கில்டருக்கு மேல் பாக்கி. மனைவி கத்தரீனா இரண்டு ஓவியங்களை அவரிடம் ஈடாகக் கொடுத்தார். 1696இல் ஆம்ஸ்டர்டாமில் வெர்மீரின் 21 ஓவியங்கள் ஏலத்துக்கு வந்தபோது, பால் ஊற்றும் பெண் 175 கில்டருக்குப் போனாள். அதைவிட அதிகம் பெற்றது 200 கில்டருக்கு விற்ற டெல்ஃப்ட் நகரக் காட்சி மட்டுமே. பின்னர் சிக்ஸ் குடும்பத்தின் கைக்குப் போன படத்தை, அது நாட்டை விட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் எழுந்த நிலையில், 1908இல் நெதர்லாந்து அரசு வாங்கியது.